மூன்று பாடம் எடுக்கச் சொல்லுங்கள், காப்பு பெட்டியிலேயே இருக்கட்டும்

கேள்வி:

நான் உப்புவெளியில் இருக்கிறேன். மனிதாபிமான விசாவில் குடும்பமாக மெல்பேர்ன் போய், இப்போது எல்லோருக்கும் அவுஸ்திரேலியப் பிரஜாவுரிமை உண்டு. அம்மாவைப் பார்க்க ஆளில்லாததால் நான் மட்டும் ஊருக்குத் திரும்பி வந்தேன். மகனுக்கு 22 வயது. ஒரு வருடம் விஞ்ஞானம் படித்துவிட்டு, பிடிக்காமல் பொறியியலுக்கு மாறினான். அதில் இரண்டு வருடம் ஒரு பாடமும் விடாமல் முடித்தான். படிக்கிற பிள்ளைகளுக்கு அங்கத்தைய அரசாங்கம் கொடுக்கிற யூத் அலவன்ஸ் ஒழுங்காக வந்தது. இந்த வருடம் மார்ச் கடைசியில் அம்மாவுக்குக் கடுமை என்றதும் ஓடி வந்தான். அம்மா போய்விட்டா. அந்தியேட்டி வரை நின்றவனுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். மே நடுப்பகுதியில்தான் திரும்பிப் போனான். போனதும் நாலு பாடத்தில் இரண்டை விட்டுவிட்டான். ஒன்றில் பெயில், ஒன்று பாஸ். இப்போது அலவன்ஸ் நின்றுவிட்டது. கொடுத்ததில் கொஞ்சத்தைத் திருப்பிக் கட்டு என்றும் கடிதம் வந்திருக்கிறதாம். இங்கத்தைய மகாபொல புலமைப்பரிசில் போல ஒருமுறை கிடைத்தால் படிப்பு முடியும்வரை வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். "இனி இரண்டு பாடம் மட்டும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போ, அலவன்ஸும் வரும்" என்கிறார் அவனுடைய பெரியப்பா. பெயில் விட்டால் இனிக் கிடைக்கவே கிடைக்காது என்கிறார்கள் வேறு சிலர். என் காப்பையும் தாலிக்கொடியையும் அடைவு வைத்துக் காசு அனுப்பட்டுமா?

ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்:

அன்புள்ள சகோதரி,

அம்மாவைப் பறிகொடுத்த துக்கம் ஆறும் முன்னமே பிள்ளையின் கவலையும் வந்து சேர்ந்திருக்கிறது. முதலில் கேட்டதற்கு நேரான பதில்: இப்போதைக்கு எதையும் அடைவு வைக்காதீர்கள். பெரியப்பா சொன்ன யோசனை நல்ல மனதோடு சொன்னது, ஆனால் அதன்படி நடந்தால் அலவன்ஸ் வராது. மகனைக் காப்பாற்றக்கூடிய சில கடதாசிகள் அநேகமாக உங்கள் வீட்டு அலுமாரியில்தான் இருக்கின்றன. காசுக்கு முன்னால் அவற்றை அனுப்புங்கள்.

நீங்கள் மகாபொலவை நினைத்தது இயல்பு. இங்கே பல்கலைக்கழக அனுமதியோடு தெரிவு நடக்கிறது, குடும்ப வருமானத்தைப் பார்த்து ஒருமுறை முடிவு செய்கிறார்கள். அங்கே யூத் அலவன்ஸ், 1991ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அரசாங்கத்தின் உதவிப் பண அலுவலகமான சென்டர்லிங்க் இரண்டு கிழமைக்கு ஒருமுறை கொடுக்கிற உதவிப் பணம். 24 வயது வரை இந்தப் பெயர், 25 வயதிலோ அதற்குப் பிறகோ புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவருக்கு ஆஸ்டடி என்று வேறு பெயர். 22 வயதாகிவிட்டால் பிள்ளையைத் தனித்து நிற்பவராகக் கணக்கெடுப்பார்கள், தாய் தகப்பனின் வருமானத்தைப் பார்ப்பதில்லை. ஆகவே உங்கள் கணவரின் சம்பளம் இதில் தடை போடாது. படிப்புப் பக்கத்தில்தான் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. போதிய அளவு பாடம் எடுத்திருக்க வேண்டும், படிப்பு திருப்தியாக முன்னேற வேண்டும். மகனுக்கு முதலாவதில் இடறிவிட்டது. இரண்டாவது அவ்வளவு மோசமில்லை, ஆனால் கணக்குப் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

பாட அளவு பற்றிச் சட்டம் சொல்வது சுருக்கமானது. முழுநேர மாணவன் என்றால் வழக்கமான முழுச் சுமையில் 75 வீதமாவது இருக்க வேண்டும். ஒரு செமஸ்டருக்கு நாலு பாடம் வழக்கம் என்றால் மூன்று எடுத்தால் போதும், இரண்டு எடுத்தால் போதாது. மகனின் பதிவுப் பக்கத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் நேரே 0.125 என்பது போல ஓர் எண் இருக்கும், அதை ஈ.எஃப்.டி.எஸ்.எல். என்பார்கள். ஓர் ஆண்டின் முழுச் சுமையை 1 என்று வைத்தால் அதில் அந்தப் பாடத்தின் பங்கு அது. ஒரு செமஸ்டரின் முழுச் சுமை 0.5, அந்த எண்களைக் கூட்டினால் அதில் 75 வீதமான 0.375 வர வேண்டும். பாடத்தின் தொகையை மட்டும் எண்ணாமல் இந்தக் கூட்டலைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். சில பல்கலைக்கழகங்களில் பாடங்களின் நிறை ஒன்றுக்கொன்று வேறுபடும், மூன்று பாடம் என்று நம்பி 0.375க்குக் கீழே நிற்கிற பிள்ளைகளும் உண்டு.

பெரியப்பாவுக்கு இரண்டு பாட யோசனை எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. கணிசமான உடல் குறைபாடோ மனநோயோ அறிவு வளர்ச்சிக் குறைபாடோ உள்ள மாணவர்கள் 25 வீதச் சுமையோடு படித்தாலும் உதவிப் பணம் பெறலாம் என்று சட்டத்தில் ஒரு சலுகை இருக்கிறது. அப்படி ஒருவருக்குக் கிடைத்ததை அவர் கேள்விப்பட்டிருக்கலாம். இன்னொரு சலுகையும் உண்டு: கல்விக் காரணங்களுக்காக இந்த மாணவன் குறைத்துப் படிப்பது நல்லது என்று பல்கலைக்கழகமே எழுத்தில் பரிந்துரைத்தால், அரை ஆண்டு வரை 66 வீதத்தை ஏற்பார்கள். நாலில் இரண்டு என்பது 50 வீதம். மகனுக்கு அப்படியான குறைபாடு இல்லாததால் முதல் சலுகை பொருந்தாது, 50 வீதம் 66ஐ எட்டாததால் இரண்டாவதும் பொருந்தாது. டெங்குக்குப் பிறகு இன்னும் களைப்பாக இருக்கிறான், நாலு பாடம் தாங்காது என்றால் மூன்று எடுக்கட்டும். மூன்றுக்குக் கீழே இறங்கவே வேண்டாம்.

இனி "பெயில் விட்டால் கிடைக்காது" என்ற பேச்சு. ஒரு பாடத்திலோ இரண்டு பாடத்திலோ தவறியதற்காக யூத் அலவன்ஸை நிறுத்துவதில்லை. அவர்கள் பார்ப்பது காலத்தை. ஒரு பட்டத்தை முழுநேரமாகப் படித்து முடிக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு காலம் தேவையோ அதனோடு ஒரு செமஸ்டர் சேர்த்து, அதுவரை உதவி தருவார்கள். ஆண்டு முழுக்க நடக்கிற பாடங்களால் ஆன படிப்பென்றால் ஓர் ஆண்டு சேர்ப்பார்கள். பொறியியலுக்கு நாலு வருடம், அதாவது எட்டுச் செமஸ்டர். மேலே ஒன்றைச் சேர்த்தால் ஒன்பது.

இங்கேதான் பல குடும்பங்கள் கவனிக்காமல் விடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. கடந்த 10 ஆண்டுகளுக்குள் அதே மட்டத்தில் வேறு படிப்புப் படித்திருந்தால் அந்தக் காலத்தையும் இந்த ஒன்பதிலிருந்து கழிப்பார்கள். விஞ்ஞானப் பட்டமும் பொறியியல் பட்டமும் ஒரே மட்டம். விஞ்ஞானத்தில் படித்த பாடங்களைப் பொறியியலில் ஏற்றுக்கொண்டு படிப்பைச் சுருக்கித் தந்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. தரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒன்பதில் இரண்டு அந்த ஆண்டோடு போயிற்று. பொறியியலில் முடித்த இரண்டு வருடத்துக்கு நாலு. இந்தக் குழம்பிய செமஸ்டரையும் முழுதாக எண்ணினால் ஏழு ஆகிறது, மிச்சம் இரண்டு. எண்ணாமல் விட்டால் மிச்சம் மூன்று.

மறு பக்கத்தைப் பாருங்கள். எட்டுச் செமஸ்டருக்கு 32 பாடம். மகன் பாஸ் பண்ணியது பதினாறும் ஒன்றும், 17. மிச்சம் 15. நாலு நாலாக எடுத்தாலும் இன்னும் நாலு செமஸ்டர் வேண்டும். மூன்று மூன்றாக எடுத்தால் ஐந்து. ஆக, எல்லாம் சரியாக நடந்தாலும் கடைசிப் பகுதி யூத் அலவன்ஸ் இல்லாமல்தான் ஓட வேண்டியிருக்கும். இதை இன்றைக்கே சொல்வது, கடைசி வருடத்தில் வீட்டு வாடகைக்கு முழி பிதுங்காமல் இருக்கத்தான். நகையைப் பற்றி யோசிப்பதென்றால் அந்தக் காலத்துக்கு யோசியுங்கள். இப்போது கையில் இருக்கிற உரிமையைக் கேட்டு வாங்காமல் அதை அடைவு வைத்தால், உண்மையில் தேவைப்படுகிற நேரத்தில் கையில் ஒன்றும் இருக்காது.

மிச்சம் இரண்டா மூன்றா என்பதைத் தீர்மானிக்கப் போவது உங்களிடம் இருக்கிற கடதாசிகள். நோயாலோ தன் கைக்கு மீறிய வேறு காரணத்தாலோ தவறிய, இடையில் கைவிட்ட படிப்பைக் காலக் கணக்கில் சேர்க்காமல் விடலாம் என்று விதி சொல்கிறது. கேட்டால்தான் விடுவார்கள், கேட்பவர் சான்று காட்ட வேண்டும். மகன் ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டி வரும்போது டயக்னோசிஸ் காட் தந்திருப்பார்கள். அதைத் தேடி எடுங்கள். அனுமதித்த திகதி, வெளியேறிய திகதி, நோயின் பெயர் மூன்றும் தெளிவாகத் தெரிகின்றனவா பாருங்கள். பிளேட்லெட் எண்ணிக்கை எழுதிய இரத்தப் பரிசோதனைத் துண்டுகள் கூடவே இருந்தால் அவற்றையும் சேருங்கள். அட்டையின் இரண்டு பக்கத்தையும், மடிப்பில் எழுத்து மறையாதபடி, பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். டெங்கு மாறிய பிறகும் கிழமைக்கணக்கில் உடம்பு அசதியாக இருக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும், மெல்பேர்னில் கோப்பைப் பார்க்கிற அதிகாரிக்குத் தெரியாமல் இருக்கலாம். மகன் அங்கே போனபின் ஒரு டொக்டரிடம் காட்டியிருந்தால், "இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதி வரை படிக்கக்கூடிய நிலையில் இருக்கவில்லை" என்று அவரிடம் ஒரு கடிதம் வாங்க வேண்டும். வெறுமனே "டெங்கு வந்தது" என்று எழுதிய கடிதம் அவ்வளவாக உதவாது. படிப்பை எப்படிப் பாதித்தது, எந்தக் காலத்தில் பாதித்தது என்பதைத்தான் அவர்கள் தேடுவார்கள்.

அம்மாவின் இறப்பு அத்தாட்சிப் பத்திரமும் வேண்டும். தமிழில் இருந்தால் சென்டர்லிங்க் தன் தேவைக்கு இலவசமாகவே மொழிபெயர்த்துக்கொள்ளும். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு ஆங்கிலப் பிரதி தேவைப்படும். அதற்கு ஊரில் ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, முத்திரையோடு வாங்கி அனுப்புங்கள். விமானச் சீட்டையும் கடவுச்சீட்டில் குத்திய முத்திரைகளையும் மகன் தன்னிடம் வைத்திருப்பான்.

இதே கடதாசிக் கட்டு மூன்று இடத்தில் வேலை செய்யும். ஒன்று, நான் மேலே சொன்ன காலக் கணக்கு. இரண்டாவது, அவன் ஊரில் நின்ற கிழமைகளுக்கான அலவன்ஸ். மாணவர் வெளிநாடு போனால் பொதுவாகப் பணம் நின்றுவிடும். குடும்பத்தில் கடும் நெருக்கடி என்றால், உதாரணமாக ஒருவர் சாகக் கிடந்தாலோ இறந்துவிட்டாலோ, ஆறு கிழமை வரை தொடர்ந்து தரலாம். அம்மம்மா நெருங்கிய குடும்ப உறுப்பினரா என்ற கேள்வியை எழுப்புவார்கள். தாய் தகப்பன், சகோதரர் என்ற வட்டத்துக்கு வெளியே உள்ள ஒருவரையும் அப்படி ஏற்க அதிகாரிக்கு இடமிருக்கிறது. அம்மம்மா வீட்டில் எத்தனை வயது வரை வளர்ந்தான், யார் தூக்கி வளர்த்தது என்பதை மகன் தன் விளக்கத்தில் விரிவாக எழுத வேண்டும். நம் வீடுகளில் அம்மம்மா என்றால் யார் என்று கோப்பைப் பார்ப்பவருக்குத் தானாகத் தெரிந்துவிடாது.

மூன்றாவது, பல்கலைக்கழகக் கட்டணம். ஒவ்வொரு பாடத்துக்கும் சென்சஸ் டேட் என்று ஒரு திகதி உண்டு. அதற்குப் பிறகு பாடத்தை விட்டாலும் கட்டணக் கடன் அவன் பெயரில் ஏறிவிடும். முதல் செமஸ்டருக்கு அது அநேகமாக மார்ச் கடைசி. எனவே விட்ட இரண்டுக்கும் பெயிலான ஒன்றுக்கும் கடன் ஏறியிருக்கும். கைக்கு மீறிய காரணம், அதன் முழுத் தாக்கம் சென்சஸ் டேட்டுக்குப் பிறகு தெரிந்தது, அதனால் பாடத்தை முடிக்க முடியாமல் போனது என்று காட்டினால் அந்தக் கடனை நீக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. மகனின் கதை இதற்கு அச்சாகப் பொருந்துகிறது. பல்கலைக்கழகத்திடம் 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மூன்று பாடத்தின் கட்டணம் சின்னத் தொகையில்லை, அதை மகன் அப்படியே விட்டுவிடக் கூடாது.

திருப்பிக் கட்டச் சொன்ன பணம் பற்றி நான் உங்களுக்குப் பொய்யான தைரியம் தர விரும்பவில்லை. பாடத்தை விட்டால் 14 நாளுக்குள் சென்டர்லிங்குக்கு அறிவிக்க வேண்டும். மகன் அறிவிக்கவில்லை என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து விளங்குகிறது. பல்கலைக்கழகப் பதிவு விபரங்கள் அவர்களுக்குப் போகின்றன, ஆகவே அறிவிக்காமல் விட்டது எப்படியும் பிடிபடும். சுமை 75 வீதத்துக்குக் கீழே போன நாளுக்குப் பிறகு வாங்கிய பணத்தில் ஒரு பகுதியாவது கட்ட வேண்டித்தான் வரும். ஆனால் கடிதத்தில் போட்டிருக்கிற தொகை சரியா என்று பார்க்காமல் தலையாட்டத் தேவையில்லை. எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை என்று விபரம் கேட்கலாம். மீளாய்வும் கேட்கலாம். கணக்கு சரியென்று தெரிந்தால் சிறு சிறு தவணையாகக் கட்ட ஒழுங்கு செய்து தருவார்கள். கடிதத்தைத் திறக்காமல் மேசையில் போட்டு வைப்பதுதான் கெடுதல்.

மீளாய்வுக்கு முதலில் சென்டர்லிங்கிலேயே வேறொரு அதிகாரி முடிவைத் திரும்பப் பார்ப்பார். அதிலும் திருப்தி இல்லையென்றால், 2024 ஒக்டோபரில் பழைய மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் இடத்துக்கு வந்த நிர்வாக மீளாய்வுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முதல் கோரிக்கையை, முடிவை அறிவித்த நாளிலிருந்து 13 கிழமைக்குள் கொடுத்தால்தான், வெற்றி பெறும்போது நிறுத்திய நாளிலிருந்தே பணம் கிடைக்கும். பிந்திக் கொடுத்தால் கேட்ட நாளிலிருந்து மட்டும். சட்டத்தரணி வைக்க வேண்டியதில்லை. மாணவர் சங்கத்தில் இலவசமாக உதவுகிற ஆலோசகர்கள் இருக்கிறார்கள், நலக் கொடுப்பனவு வழக்குகளைப் பார்க்கிற சமூகச் சட்ட நிலையங்களும் மெல்பேர்னில் இருக்கின்றன.

நீங்கள் இங்கிருந்து போன் எடுத்தால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். 22 வயதுப் பிள்ளையின் கோப்பு அவனுடையது. பெற்றோருக்கும் மறுப்பார்கள். பல்கலைக்கழகமும் அப்படித்தான். மகன் விரும்பினால் உங்கள் கணவரை விசாரிக்க அனுமதிக்கப்பட்டவராகப் பதிந்துவிடலாம். அவருக்கு ஆங்கிலம் சிரமம் என்றால் 131 202 என்ற இலக்கத்தில் தமிழில் பேச ஒழுங்கு உண்டு, காசில்லை. மகன் வெட்கத்தில் பேசாமல் இருக்கிறானோ என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது. அம்மம்மாவைக் கடைசியாகப் பார்க்க வந்தவன், வந்த இடத்தில் நோயில் விழுந்தவன். அவன் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அதன் பிறகு போனைக் கையில் எடுப்பது அவனுக்கு இலேசாகும்.

இன்னொரு வதந்தியும் அவன் காதில் விழுந்திருக்கும்: பாதிப் பாடங்களுக்கு மேல் பெயில் விட்டால் அரசாங்கம் கட்டணத்துக்குக் கைகொடுக்காது என்பது. அப்படி ஒரு விதி 2022இல் நடைமுறைக்கு வந்தது உண்மை. 2024 ஜனவரி முதல் அது இல்லை. இப்போது சறுக்குகிற மாணவரைக் கண்டுபிடித்துத் துணை செய்யப் பல்கலைக்கழகங்கள் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்பதே சட்டம். எனவே பீடத்திலிருந்து "உங்கள் முன்னேற்றம் கவலை தருகிறது" என்று மின்னஞ்சல் வந்தால் பயந்து மூடாமல், போய் இருந்து பேசச் சொல்லுங்கள்.

வேலை பற்றி: மூன்று பாடத்தோடு பகுதிநேர வேலை செய்யலாம். வருமானத்தைச் சொல்ல வேண்டும். ஓர் அளவுக்கு மேல் உழைத்தால் அலவன்ஸ் குறையும். ஆனால் மாணவருக்கு வருமான வங்கி என்று ஒரு ஏற்பாடு உண்டு. படிக்கிற மாதங்களில் குறைவாக உழைத்தால் பயன்படுத்தாத அளவு சேர்ந்துகொண்டே போய், நவம்பர் முதல் பெப்ரவரி வரையான விடுமுறையில் கூடுதலாக உழைக்கும்போது கைகொடுக்கும். பெரியப்பாவின் ஆசையை நிறைவேற்ற இது நல்ல வழி. செமஸ்டரில் படிப்பு, கோடையில் வேலை. கோடையில் உழைத்ததில் ஒரு பகுதியை அந்தக் கடைசி வருடத்துக்கென்று ஒதுக்கட்டும்.

திருகோணமலையில் இதைப் படிக்கிற மற்றப் பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளையை மாணவர் விசாவில் அனுப்புகிறவர்கள் இந்த உதவிப் பணத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், அந்த விசாவுக்கு அது கிடையாது. நிரந்தர வதிவிடம் பெற்றுப் போகிறவர்களும் பொதுவாக நாலு ஆண்டு காத்திருக்க வேண்டும். அகதிகளாக ஏற்கப்பட்டவர்களுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

சகோதரி, இரண்டாம் செமஸ்டர் ஜூலை கடைசியில் தொடங்கும், அதன் சென்சஸ் டேட் அநேகமாக ஓகஸ்ட் கடைசி. அதற்குள் மூன்று பாடமாவது பதிந்திருக்க வேண்டும். அலவன்ஸ் ரத்தாகியிருந்தால் புதிதாக விண்ணப்பிக்கவும் வேண்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் முதலில், இன்று இரவு மகனோடு பேசும்போது நிறுத்தற் கடிதத்தின் தலைப்பில் என்ன திகதி போட்டிருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 13 கிழமை அதிலிருந்துதான் ஓடிக்கொண்டிருக்கிறது.